எஸ்தர் அக்காவின் தகரத் தவளை

போன வியாழக்கிழமை காலை பல்லடம் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது எஸ்தர் அக்காவின் தம்பி சாமுவேலிடமிருந்து அழைப்பு வந்தது. தனியார் பேருந்துகளின் ஹாரன் இரைச்சலில் அவர் முதலில் சொன்னது கேட்கவில்லை. பூக்கடை ஒன்றின் பின்புறம் ஒதுங்கி, இன்னொரு காதைப் பொத்திக்கொண்டேன்.

"அக்கா போயிட்டாங்க மேடம்," என்றார் சாமுவேல். பிறகு, "ஊட்லயேங்க. என்ற சம்சாரம் மூஞ்சி தொடச்சு உட்டுட்டிருந்தா. அப்படியே போயிட்டாங்க," என்றார்.

எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. எங்கேயோ அடைபட்டுக் கிடந்த நீண்ட மூச்சு ஒன்று வெளியே வந்தது. வீட்டிலேயே என்ற அந்தச் சொல்லுக்காக எஸ்தர் அக்கா தம்மால் இயன்ற மட்டும் போராடியிருந்தார். அது கிடைத்துவிட்டது. கல்லூரிக்குப் போகும் பேருந்தை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் நடந்து அவர் வீட்டை நோக்கிப் போனேன். போகும் வழியில்தான் அழுதேன். அதுவும் அதிகமில்லை.

திருப்பூரின் விளிம்பில் இருக்கும் எங்கள் பெண்கள் கல்லூரியில் அவர் உளவியல் துறைப் பேராசிரியர். நானும் அதே துறை. அவர் என்னைவிடச் சில ஆண்டுகள் மூத்தவர் என்பதால் அக்கா என்பேன்; அவர் என்னை அம்மிணி என்பார். அவரிடம் படிக்காத மாணவிகளுக்கும் அவரைத் தெரியும். எலி மேடம் என்றால் போதும். அந்தப் பெயரில் அவருக்கு வருத்தம் இருந்ததில்லை. "புலி மேடம்னு சொல்லாத வரைக்கும் சந்தோசம்," என்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது துறைக் கட்டடத்தை ஒட்டி அவருடைய ஆய்வுக்கூடம் இருந்தது. ஆய்வுக்கூடம் என்பது பெரிய வார்த்தை. பழைய சைக்கிள் கொட்டகையைச் சுவர் வைத்து மூடியிருந்தார்கள். உள்ளே சில கூண்டுகளில் வெள்ளெலிகள். நடுவில் ஒரு மேசை. அதன்மேல் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்த நீளமான பெட்டி. பெட்டியின் நடுவே எலி தாவிக் கடக்கக்கூடிய உயரத்தில் ஒரு தடுப்பு. இருபுறமும் தரைக்குப் பதில் மெல்லிய கம்பிகள். ஒரு பக்கக் கம்பியில் லேசான மின்சாரம் பாயும்போது எலி தடுப்பைத் தாண்டி மறுபக்கம் போய்விட வேண்டும். தப்பிக்கக் கற்றல் என்று எங்கள் பாடத்தில் இதற்குப் பெயர்.

முதல் நாள் எனக்கு அது பிடிக்கவில்லை. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். எஸ்தர் அக்கா தம் சுட்டுவிரலைக் கம்பியில் வைத்துச் சுவிட்சைப் போட்டார். பிறகு விரலை எடுத்து என்னைப் பார்த்தார்.

"எறும்பு கடிச்சாப்பல இருக்குது அம்மிணி. ஒவ்வொரு நாளும் வெச்சுப் பார்ப்பேன். என்ற விரலு பொறுக்காததை அதுக கால்ல வெக்க மாட்டேன்."

"விரல் உங்களுதுங்க அக்கா. எடுக்கறதும் உங்க இஷ்டம். அதுக்கு அப்படி இல்லீங்களே," என்றேன். புதிதாகச் சேர்ந்தவள் இப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். அவர் கோபப்படவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அதன் பிறகுதான் நாங்கள் நண்பர்களானோம்.

அவருடைய வகுப்புகளில் எனக்கு மறக்காமல் இருப்பது ஒன்று உண்டு. சத்தம் எப்படிப் பரிசாகிறது என்பதை அன்று சொல்லிக்கொண்டிருந்தார். பொட்டுக்கடலை போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஓர் ஒலி எழுப்பினால், சில நாட்களில் எலி அந்த ஒலியைக் கேட்பதற்காகவே வேலை செய்யும். ஒலியைத் தின்ன முடியாது. ஆனாலும் செய்யும். வலி முடியும்போது ஓர் ஒலி எழுப்பினாலும் அப்படித்தான். அந்த ஒலியே எலிக்கு ஒரு பரிசாகிவிடும். மாணவிகளுக்கு இது பிடிபடவில்லை. அவர்களில் பாதிப் பேரின் அம்மாக்கள் பனியன் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள். அக்கா ஒரு மாணவியை எழுப்பினார்.

"உங்கம்மா என்ன வேலை கண்ணு?"

"செக்கிங்குங்க மேடம். நின்னுட்டே பாக்கோணும்."

"சாயங்காலம் கம்பெனிச் சங்கு ஊதுனதும் மொதல்ல என்ன பண்ணுவாங்க?"

அந்தப் பெண் யோசித்தாள். "முதுகை நிமித்துவாங்க மேடம்."

"அதுக்குள்ள முதுகுவலி போயிருச்சா?"

"இல்லீங்க. ஊட்டுக்கு வந்தும் இருக்குமுங்க."

"ஆனா நிமித்தறாங்கல்ல. வலி போறதுக்கு முந்தியே போயிரும்னு சொல்ற சத்தம் ஒண்ணு இருக்குது பாரு, அந்தச் சங்குதான் இன்னைக்குப் பாடம்."

வகுப்பில் யாரும் குறிப்பெடுக்கவில்லை. யாருக்கும் மறக்கவும் இல்லை.

ஆனால் அதே பாடம் அவரையே ஒருமுறை ஏமாற்றியது. எங்கள் மதில் சுவரை ஒட்டி ஒரு பனியன் கம்பெனி இருக்கிறது. முற்பகலில் அங்கே தேநீர் வேளைக்கு மணி அடிக்கும். அந்த மணி கேட்டால் எங்களுக்கும் தேநீர் நேரம் என்பது துறையின் எழுதாத வழக்கம். அக்காவும் மணி கேட்டதும் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு எழுந்துவிடுவார். ஆண்டுக்கணக்காக அப்படித்தான் நடந்துவந்தது.

ஒரு தீபாவளி விடுமுறையில் கம்பெனிகள் எல்லாம் மூடிக் கிடந்தன. தெற்கத்தித் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அக்கா மட்டும் எலிகளுக்காக வந்துபோனார். சோதனையை வழக்கம்போல நடத்தி, வழக்கமான நேரத்தில் அணைத்தார். எலிகள் தடுப்பைத் தாண்டின, தப்பித்தன. ஆனால் கூண்டுக்குத் திரும்பிய பிறகும் ஒரு மூலையில் பந்துபோலச் சுருண்டே கிடந்தன. தீனியைத் தொடவில்லை. காய்ச்சலோ என்று கால்நடை மருத்துவரைக் கூட்டிவந்தார். தீனியை மாற்றினார். எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது குரல் உடைந்திருந்தது. "என்னமோ தப்புப் பண்ணிப்போட்டேன் அம்மிணி. என்னன்னு தெரியல."

விடுமுறை முடிந்து கம்பெனி திறந்த நாளில் நானும் அங்கே இருந்தேன். பெட்டியை அணைத்து, சுருண்ட எலிகளைக் கூண்டில் விட்டுவிட்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். மதிலுக்கு அப்பால் தேநீர் மணி அடித்தது. ஒவ்வொன்றாக எலிகள் தலை தூக்கின. ஒன்று பின்னங்கால்களில் உட்கார்ந்து முன்னங்கால்களால் முகம் கழுவத் தொடங்கியது. இன்னொன்று நேராகத் தீனிக் கிண்ணத்துக்குப் போனது.

எஸ்தர் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நான் மதிலோரம் போய்க் கம்பெனிக் காவலாளியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் பீடியைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டார்:

"ஏனுங்க மேடம், எங்க பெல்லுக்கு உங்க எலிக வேலை முடிக்குதுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப எங்க மொதலாளிதான் அதுகளுக்கும் போனஸ் தரோணுமுங்க. இந்தத் தீபாவளிக்கே குடுக்காம உட்டுட்டாரு பாருங்க."

ஆனால் தேநீர் குடிக்கும்போது அக்காவிடம் சிரிப்பு இல்லை. "முடிஞ்சுதுன்னு நான் ஒரு நாளும் அதுக கிட்டச் சொல்லல அம்மிணி. பக்கத்துக் கம்பெனிக்காரன் சொன்னதைக் கேட்டுத்தான் இத்தனை நாளும் மூச்சு உட்டிருக்குதுக. லீவு நாள்ல, எப்ப முடியும்னே தெரியாமக் கெடந்திருக்குதுக," என்றார்.

அடுத்த சித்திரையில் அவிநாசித் தேருக்கு நாங்கள் சேர்ந்து போயிருந்தோம். தேர் பார்க்க வந்த கூட்டத்தை விட்டு, அவர் பொம்மைக் கடைகளாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். பச்சைச் சாயம் பூசிய தகரத் தவளை ஒன்றை எடுத்தார். அடியில் வளைந்த தகடு. கட்டைவிரலால் அழுத்தினால் டிக் என்று சத்தம் வரும். கடைக்காரர், "பேரனுக்குங்களா?" என்றார். திருமணம் செய்துகொள்ளாத எஸ்தர் அக்கா, "இல்லீங்க, எலிக்குங்க," என்றார். கடைக்காரர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து தவளைதான் ஆய்வுக்கூடத்தின் சங்கு. எந்த நேரத்தில் நிறுத்தினாலும், அணைத்த உடனே ஒரு டிக். சில வாரங்களில் எலிகள் கம்பெனி மணியை மறந்து தவளைக்குத் தலை தூக்கின. அதோடு மின்சாரத்தையும் அவர் விட்டுவிட்டார். கண் கூசும் விளக்கு ஒன்றை வைத்துக்கொண்டார். எலிக்கு வெளிச்சம் பிடிக்காது, அது போதும் என்றார். கூண்டுக்குள் ஒரு விசைக்கட்டை வைத்தார். எலி அதை அழுத்தினால் விளக்கு அணையும். பக்கத்துக் கூண்டின் எலிக்கும் அதே நேரத்தில் விளக்கு எரியும், அதே நேரத்தில் அணையும். ஆனால் அதன் கட்டை எதனோடும் இணைக்கப்படவில்லை. இரண்டுக்கும் சம வெளிச்சம், சம நேரம். முதல் எலி கொழுகொழுவென்று ஆனது. இரண்டாவது உள்ளொடுங்கிப் போனது.

அக்கா அதற்குமேல் அதைத் தொடரவில்லை. இரண்டாவது கட்டையையும் இணைத்துவிட்டார். அந்த எலியோ முயன்று பார்க்கவே இல்லை. எவ்வளவு காத்திருந்தாலும் மூலையை விட்டு வரவில்லை. ஒவ்வொரு நாளும் அவரே அதைக் கையில் எடுத்து, அதன் பாதத்தைக் கட்டையின்மேல் வைத்து அழுத்தினார். விளக்கு அணைந்தது. மறுபடி வைத்தார். ஒரு நாள் அவர் கை உள்ளே போகும் முன்பே எலி கட்டையை நோக்கி நடந்தது. அன்று துறை முழுவதற்கும் அவர் செலவில் பஜ்ஜி.

அப்போது அவர் சொன்ன ஒன்றை நான் பலமுறை நினைத்துக்கொண்டதுண்டு. "மொதல்ல அடிக்கடி அமுக்கும். அப்பறம் கொறைஞ்சுரும். நிறுத்தற வழி கைக்கிட்டயே இருக்குதுன்னு தெரிஞ்சுட்டா, கொஞ்சம் வெளிச்சத்தைப் பொறுத்துக்கும் அம்மிணி."

இந்த வார்த்தைகள் பிற்பாடு வேறோர் இடத்தில் தேவைப்பட்டன.

அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் தம்பி சாமுவேல் எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டார். சாமுவேல் பல்லடத்தில் ஜட்டிகளுக்கான எலாஸ்டிக் நெய்யும் சிறு கம்பெனி நடத்துபவர். தாய் தகப்பன் போன பிறகு அவரை வளர்த்தவர் அக்காதான். கோவையில் பெரிய மருத்துவமனை, மாற்றி மாற்றிக் கீமோ. நான் முடிந்தபோதெல்லாம் கூடப் போவேன். நாளாக ஆக, மருந்து ஏறிய பிறகு வரும் குமட்டல் மருந்துக்கு முன்பே வரத் தொடங்கியது. பிறகு மருத்துவமனை வாசலில். கடைசியில் அவிநாசி சாலையில் அதன் நீலப் பெயர்ப்பலகை தூரத்தில் தெரிந்தாலே காரை நிறுத்தச் சொல்லிக் கதவைத் திறந்து வாந்தி எடுத்தார்.

வாயைத் துடைத்துக்கொண்டு ஒருமுறை என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா அம்மிணி. இத்தனை வருசம் பாடம் நடத்துனேன். இப்பப் பரீட்சைக்கு நானே எலி."

மருத்துவர்கள் நல்லவர்கள். தம்பியோ அவருக்காக உயிரை விடக்கூடியவர். ஆனால் யாரும் அவரிடம் கேட்டு எதையும் நிறுத்தவில்லை. அடுத்தது என்ன என்பது அறைக்கு வெளியே முடிவாகி உள்ளே வந்தது. அவர் மெலிந்ததைவிட, மூலையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் கிடந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த இரண்டாவது கூண்டை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் ஆய்வுக்கூடத்திலிருந்து தவளையை எடுத்துக்கொண்டு போய் அவர் உள்ளங்கையில் வைத்தேன். ஏன் என்று நான் சொல்லவில்லை. அவர் அதை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"சாமு, உன்ற கம்பெனி மெசின்ல செவப்பு பட்டன் இருக்குதல்ல?"

"இருக்குதுங்கக்கா. ஸ்டாப் பட்டன்."

"அதை எங்க வெச்சிருக்கே? ஆபீஸ் ரூம்லயா?"

"ஆபீஸ்ல வெச்சா என்னத்துக்குங்க ஆகும்? ஆப்பரேட்டர் கைக்கு எட்டற எடத்துலதான் வெக்கோணும்."

"இங்க ஆப்பரேட்டர் யாரு?"

அக்கா தவளையைக் காட்டினார். "இதுதான் என்ற பட்டன். நான் அமுக்குனா நிறுத்திப்போடோணும். ஏன், எதுக்குன்னு கேக்கக் கூடாது. சரீன்னு சொல்லு."

சாமுவேல் தலையைக் குனிந்துகொண்டே, "சரீங்க," என்றார். அவர் அதை நம்பிச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்திருக்கும்.

அடுத்த ஸ்கேன் நன்றாக இல்லை. மருத்துவர் தம் அறையில் எங்கள் மூவரையும் உட்கார வைத்து, வேறொரு மருந்து இருக்கிறது, பலன் கொஞ்சம்தான், முயன்று பார்க்கலாம் என்றார். சாமுவேல் வேகவேகமாகத் தலையாட்டினார். எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்க வாயெடுத்தார்.

டிக்.

மருத்துவர் தம் பேனாவைப் பார்த்தார். சாமுவேல் அக்காவின் பக்கம் குனிந்தார். "அக்கா, இது ஒண்ணு மட்டுமுங்க. இது ஒண்ணு பாத்துட்டு..." என்றார். எஸ்தர் அக்கா இரண்டாம் முறை அழுத்தவில்லை. தவளையை மடியில் வைத்து, கைகளைக் கட்டிக்கொண்டு தம்பியைப் பார்த்தார். கெஞ்சவில்லை, அதட்டவில்லை. அந்தக் கட்டை எதனோடாவது இணைந்திருக்கிறதா இல்லையா என்று பார்ப்பவரைப்போலக் காத்திருந்தார். சாமுவேல் என் பக்கம் திரும்பினார். பிறகு சுவரைப் பார்த்தார். பிறகு மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கி உறையில் போட்டு எழுந்தார்.

"ஊட்டுக்குப் போலாமுங்கக்கா," என்றார்.

மருத்துவர் வலிக்கான மருந்துகளை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கே வந்து பார்க்கும் செவிலியருக்கும் ஏற்பாடு செய்தார். திரும்பும்போது கருமத்தம்பட்டி தாண்டியதும் அக்கா காரை நிறுத்தச் சொன்னார். சாமுவேல் பதறிப் பாலித்தீன் பையை நீட்டினார். "அதை வெய்யி. அந்தக் கடையில பஜ்ஜி போடறான் பாரு, வாசம் வருது," என்றார். அவர் தின்றது பாதிதான். மீதியைத் தின்றுகொண்டே சாமுவேல் அழுதார்.

வீட்டில் தவளை தலையணையோரம் இருந்தது. முதல் வாரங்களில் டிக் டிக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. கஞ்சி போதும் என்றால் ஒரு டிக். உறவினர்களின் நலம் விசாரிப்புக்கு ஒரு டிக். போதகர் வந்து நீண்ட ஜெபம் செய்துகொண்டிருந்தபோதும் ஒன்று கேட்டது. அவர் கண்ணைத் திறக்காமலே ஆமென் என்று முடித்தார். பிறகு அவரே முதலில் சிரித்தார்.

நாள் போகப் போகச் சத்தம் குறைந்தது. கடைசி வாரங்களில் கேட்கவே இல்லை. சாமுவேல் பயந்துபோய் என்னை வாசலுக்குக் கூட்டிவந்து, "அமுக்கறதே இல்லீங்க மேடம். கைல தெம்பு போயிருச்சாட்ட இருக்குதுங்க. வலியைச் சொல்ல முடியாமக் கெடக்கறாங்களோ என்னமோ," என்றார். இருவரும் உள்ளே போனோம். அவர் தம் விரலை அக்காவின் உள்ளங்கையில் வைத்தார். அக்கா அதை இறுகப் பிடித்தார். சாமுவேல் ஆ என்றார்.

"தெம்பு இருக்குதுடா," என்றார் எஸ்தர் அக்கா கண்ணை மூடியபடியே. "அமுக்கத் தேவைப்படல."

அவர் பேசி நான் கேட்ட கடைசி வார்த்தை அதுதான். அன்று வீட்டுக்குத் திரும்பியபோது எனக்கு இருந்த நிம்மதியை யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடிந்திருக்காது.

வெள்ளிக்கிழமை காலை பல்லடம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. கல்லூரியிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். முதுகை நிமிர்த்தும் அம்மாவைப் பற்றிச் சொன்ன அந்த மாணவியும் இடுப்பில் குழந்தையோடு வந்திருந்தாள். பாட்டு முடிந்தது. எல்லாரும் ஒரு கைப்பிடி மண் போட்டோம். பிறகு மண்வெட்டிகளின் சத்தம் மட்டும்.

மேடு எழுந்து, ஆட்கள் ஒதுங்கி நின்ற பிறகு, சாமுவேல் மேட்டருகே தனியாகப் போனார். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். பச்சைச் சாயம் பெரும்பாலும் உதிர்ந்துபோன அந்தத் தகரம் வெயிலில் மின்னியது. கட்டைவிரலை அதன் அடியில் வைத்து, ஒரே ஒருமுறை அழுத்தினார்.

டிக்.

கூட்டத்தில் பலருக்கு அது என்னவென்று தெரியாது. எனக்குத் தெரியும். என் முதுகு தானாக நிமிர்ந்தது.

போய் வாருங்கள் அக்கா. முடிந்தது என்று இம்முறை உங்களுக்குத் தம்பி சொல்லிவிட்டார்.